ஒன்பதாம் இடத்துச் சாம்பியன்

2022 மார்ச் 17. டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியத் தொடர் முதல் சுற்றில் வட கரோலினாவும் மார்க்வெட்டும் மோதின. மோதின என்று சொல்வதே மார்க்வெட்டுக்குக் காட்டும் மரியாதைதான். 95-63 என்று 32 புள்ளி வித்தியாசத்தில் அடி. வட கரோலினாவின் பிராடி மானெக் ஒருவரே 28 புள்ளிகள் எடுத்தார். கேலப் லவ் 23.

அங்கே தொடங்கிய வட கரோலினாவின் ஓட்டம் தேசிய இறுதியாட்டத்தில்தான் நின்றது. வழியில், பரம வைரியான டியூக்கை அரையிறுதியில் 81-77 என்று வீழ்த்தி, அந்த அணியின் புகழ்பெற்ற பயிற்சியாளர் மைக் ஷெஷெஃப்ஸ்கியைத் தோல்வியோடு ஓய்வுக்கு அனுப்பிவைத்தது. இறுதியில் கான்சஸிடம் மூன்று புள்ளிகளில் தோற்றது. தோற்றாலும், அடுத்த ஆண்டு கோப்பை இவர்களுக்குத்தான் என்ற பேச்சு அன்றிரவே ஆரம்பித்துவிட்டது.

அந்த ஆண்டு அக்டோபரில், புதிய சீசனுக்கு முந்தைய கணிப்புகள் வெளியாயின. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக வாக்களித்த 62 செய்தியாளர்களில் 47 பேர் வட கரோலினாவை நாட்டின் முதல் அணியாகத் தேர்ந்தார்கள். மார்க்வெட்டுக்கு அந்த 25 அணிப் பட்டியலில் இடமே இல்லை. அது விளையாடும் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் பயிற்சியாளர்கள் நடத்திய தனிக் கணிப்பில், 11 அணிகளில் ஒன்பதாவது இடம் கிடைத்தது.

2023 மார்ச்சில் கணக்குப் பார்த்தால் மார்க்வெட் தன் கான்ஃபரன்ஸில் 17 வெற்றி, 3 தோல்வியோடு முதலிடம். வட கரோலினாவோ, 68 அணிகள் ஆடும் தேசியத் தொடருக்குள் நுழையவே இல்லை. 1985இல் அந்தத் தொடர் 64 அணிகளாக விரிந்த பிறகு, முன்கணிப்பில் முதலிடம் பெற்ற ஓர் அணிக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை.

கணிப்பு பொய்த்தது என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்த இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் விழுந்தவை. ஒன்று, பழைய ஆட்டக்காரர்கள் அப்படியே திரும்பி வருகிறார்கள் என்று நம்பியதால் வந்தது. மற்றொன்று, பழைய ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள் என்று கைவிட்டதால் வந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: ஓர் அணி என்பது அதிலுள்ள ஆட்டக்காரர்களின் போன ஆண்டுப் புள்ளிகளைக் கூட்டினால் வரும் தொகை என்ற நினைப்பு.

பிக் ஈஸ்டை எடுத்துக்கொண்டால் இதை இன்னும் துலக்கமாகப் பார்க்கலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டு. பெரிய கூட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கால்பந்தின் தொலைக்காட்சிப் பணத்தைச் சுற்றி அமைந்தவை. பிக் ஈஸ்ட் அப்படியில்லை. 2013இல் கால்பந்துக் கல்லூரிகளிடமிருந்து பிரிந்து, கூடைப்பந்தையே முதன்மையாகக் கொண்டு மறுபடி அமைந்த கூட்டு அது. உறுப்பினர்களில் அதிகமும் கத்தோலிக்கக் கல்லூரிகள். மில்வாக்கியில் உள்ள மார்க்வெட் இயேசு சபையினருடையது. 2020இல் அரசுப் பல்கலைக்கழகமான கனெடிகட் திரும்பி வந்து சேர்ந்ததும் எண்ணிக்கை 11 ஆனது. ஒவ்வோர் அணியும் மற்ற பத்து அணிகளோடும் சொந்த ஊரில் ஒரு தடவை, எதிரி ஊரில் ஒரு தடவை ஆட வேண்டும். மொத்தம் 20 ஆட்டம். யாருக்கும் சுலபமான அட்டவணை வாய்த்தது என்று சாக்குச் சொல்ல முடியாது. வட கரோலினா ஆடும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் அப்போது 15 அணிகள். 20 ஆட்டத்தில் எல்லோரையும் இருமுறை சந்திக்க வழியில்லை. ஆகவே கணிப்பைச் சோதிக்க பிக் ஈஸ்டின் புள்ளிப்பட்டியலைவிட நேர்மையான உரைகல் கிடைப்பது அரிது.

கணித்தவர்களும் சாதாரண ஆட்கள் அல்ல. பயிற்சியாளர்களே வாக்களிக்கிறார்கள், தங்கள் அணிக்கு வாக்குப் போடக் கூடாது என்பது மட்டுமே விதி. எதிரணியின் ஒவ்வொரு ஆட்டத்தையும் வீடியோவில் ஓட்டி ஓட்டிப் பார்த்தவர்கள் இவர்கள். 2022 அக்டோபரில் அவர்கள் தந்த வரிசை: கிரெய்ட்டன், சேவியர், வில்லனோவா, கனெடிகட் என்று தொடங்கியது. ஒன்பதில் மார்க்வெட். அதற்கும் கீழே டிபாலும் ஜார்ஜ்டவுனும்.

அந்த ஒன்பதாம் இடத்துக்குக் காரணம் இருந்தது. முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 16.8 புள்ளி எடுத்த ஜஸ்டின் லூயிஸ் என்பிஏ கனவோடு கிளம்பிவிட்டார். அடுத்த பெரிய தூணான டேரில் மார்சலுக்குக் கல்லூரியில் ஆடும் தகுதிக்காலம் முடிந்துவிட்டது. மிஞ்சியிருந்தவர்களின் எண்கள் சிறியவை. பயிற்சியாளர் ஷாக்கா ஸ்மார்ட்டின் பெயரும் முன்போல் மின்னவில்லை. 2011இல் விசியு என்ற அதிகம் அறியப்படாத கல்லூரியைத் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோய் நட்சத்திரமானவர், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தும் தேசியத் தொடரில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. அங்கே அவருடைய கடைசி ஆட்டம், 14ஆம் நிலை அணியான அபிலீன் கிறிஸ்டியனிடம் 53-52 என்று தோற்றது. அவரை நம்பி யார் வாக்குப் போடுவார்?

ஆனால் லூயிஸ் போனதால் என்ன காலியானது என்பதைப் பயிற்சியாளர்கள் பாதிதான் பார்த்தார்கள். 16.8 புள்ளி போயிற்று என்பது ஒரு பாதி. அந்தப் புள்ளிகளை எடுக்க லூயிஸ் கையில் பந்து இருந்த நேரமெல்லாம் இப்போது வேறொருவருக்குக் கிடைக்கும் என்பது மறு பாதி.

அந்த வேறொருவர் டைலர் கோலெக். ரோட் ஐலண்டில் வளர்ந்த இடக்கை பாயின்ட் கார்டு. ஜார்ஜ் மேசன் கல்லூரியிலிருந்து மாறி வந்தவர். அங்கே தன் கான்ஃபரன்ஸின் சிறந்த புதுமுகம் என்ற பட்டம் பெற்றவர். மார்க்வெட்டில் முதல் சீசனில் சராசரி 6.7 புள்ளி. மூன்று புள்ளி எறிதல்களில் நூற்றுக்கு 28தான் உள்ளே விழுந்தன. எதிரணிகள் அவரை அரைகுறையாகக் காவல் காத்தாலே போதும் என்றிருந்தன. அடுத்த சீசனில் அதே எறிதல் நூற்றுக்கு நாற்பதை நெருங்கியது, சராசரி 12.9 புள்ளி, 7.5 அசிஸ்ட். பிக் ஈஸ்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

கோலெக் தனியாக இதைச் செய்யவில்லை. மார்க்வெட்டின் உயரமான ஆட்டக்காரர் ஓசோ இகோடாரோ கோலெக்கின் காவல்காரருக்குக் குறுக்கே வந்து நிற்பார். அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு கோலெக் கூடையை நோக்கிப் பாய்வார். இரண்டு எதிரிகள் அவர் மேல் விழுவார்கள். அந்த நொடியில் பந்து இகோடாரோவுக்குப் போகும். வழக்கமான உயரக்காரர் என்றால் கூடை அடிவரை ஓடித்தான் பந்தை வாங்குவார். இகோடாரோ ஃப்ரீ த்ரோ கோட்டருகிலேயே வாங்குவார். இப்போது அவருக்கு எதிரே மூன்று காவல்காரர்கள், பக்கத்தில் மூன்று சக ஆட்டக்காரர்கள். காவல்காரர் முன்னே வந்தால் மூலையில் நிற்கும் கேம் ஜோன்ஸுக்குத் தட்டிவிடுவார். வராவிட்டால் இரண்டடி எடுத்து வைத்து உள்ளங்கையால் மெல்ல மேலே தள்ளிக் கூடைக்குள் விடுவார். பார்க்க அழகில்லாத எறிதல் அது. ஆனால் அடிக்கடி உள்ளே போனது. ஜோன்ஸ், இன்னொரு சக ஆட்டக்காரரான பிராஸ்பர், இகோடாரோ மூவருமே முந்தைய ஆண்டைப்போல ஏறத்தாழ இரு மடங்கு புள்ளி எடுத்ததற்கு இந்த ஒரே ஏற்பாடு பெரிய காரணம்.

நவம்பர் கடைசியில், அப்போது நாட்டில் ஆறாம் இடத்தில் இருந்த பேய்லர் மில்வாக்கிக்கு வந்தது. மார்க்வெட் 96-70 என்று வென்றது. அந்த இரவுக்குப் பிறகு ஒன்பதாம் இடம் என்ற கணிப்பை யாரும் ஞாபகப்படுத்திக்கொள்ள விரும்பவில்லை. மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பிக் ஈஸ்ட் கோப்பைத் தொடரில், செயின்ட் ஜான்ஸை ஓவர்டைமில் 72-70, கனெடிகட்டை 70-68, சேவியரை 65-51 என்று அடுத்தடுத்த நாட்களில் வீழ்த்தி மார்க்வெட் முதல்முறையாக அந்தக் கோப்பையை வாங்கியது. அசோசியேட்டட் பிரஸ்ஸின் நாட்டின் சிறந்த பயிற்சியாளர் விருது ஸ்மார்ட்டுக்குப் போயிற்று. தேசியத் தொடரில் மட்டும் பழைய தலைவிதி: இரண்டாம் சுற்றில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 69-60 தோல்வி. முந்தைய ஆட்டத்தில் கட்டைவிரலில் அடிபட்ட கோலெக், அன்று 7 புள்ளியோடு நின்றார்.

வட கரோலினாவின் கதையில், முதல் ஐவரில் விட்டுப்போனவர் ஒரே ஒருவர். ஃபோர்ட் வொர்த்தில் 28 புள்ளி எடுத்த அதே மானெக். மற்ற நால்வர், அதாவது ஆர்மாண்டோ பேகாட், கேலப் லவ், ஆர்.ஜே. டேவிஸ், லீக்கி பிளாக், திரும்பி வந்தார்கள். மானெக்கின் இடத்துக்கு நார்த்வெஸ்டர்ன் கல்லூரியிலிருந்து பீட் நான்ஸ் வந்தார். நல்ல ஆட்டக்காரர்தான். காகிதத்தில் ஐந்துக்கு ஐந்து சரியாக இருந்தது.

மானெக் நல்ல உயரம்; ஆனாலும் தூரத்தில் நின்று எறிவார். அவர் வெளியே நின்றால் அவரைக் காக்கும் எதிரணி உயரக்காரரும் வெளியே வந்தாக வேண்டும். உள்ளே பேகாட்டுக்கு இடம் கிடைக்கும். லவ்வும் டேவிஸும் பாய்ந்து போகப் பாதை கிடைக்கும். மானெக் பந்தைத் தொடாத தருணங்களிலும் அவர் அங்கே நின்றதே பயன். அவர் போனதும் எதிரணிகள் உள்ளே கூட்டமாக நின்றன. அணியின் மூன்று புள்ளி எறிதல் சதவீதம் 31 அளவுக்கு இறங்கியது. லவ் முப்பதைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் எறிவதைக் குறைக்கவில்லை. நவம்பரில் போர்ட்லண்ட் நகரில் அயோவா ஸ்டேட்டிடம் தோல்வி. இரண்டு நாள் கழித்து அலபாமாவிடம் நான்கு ஓவர்டைம் ஆடி 103-101 தோல்வி. பிறகு பட்டியலில் இறங்குமுகமே. கான்ஃபரன்ஸில் 11-9, மொத்தத்தில் 20-13. அடுத்த நிலைத் தொடரான என்ஐடிக்குக்கூடப் போவதில்லை என்று பல்கலைக்கழகமே முடிவெடுத்தது.

அதே கான்ஃபரன்ஸில் 14ஆவது என்று கணிக்கப்பட்டிருந்த பிட்ஸ்பர்க் 14-6 என்று முடித்தது. அதன் பயிற்சியாளர் ஜெஃப் கேப்பலுக்கு அந்தக் கான்ஃபரன்ஸின் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது.

கணிப்புகள் அத்தனையும் குப்பை என்பது இதன் பொருளல்ல. பிக் ஈஸ்டின் அடித்தட்டைப் பயிற்சியாளர்கள் பிசகாமல் சொல்லியிருந்தார்கள்: டிபாலும் ஜார்ஜ்டவுனும்தான் கடைசி இரண்டு. ஜார்ஜ்டவுன் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் தொடர்ந்து 29 தோல்வி கண்டு, 2023 ஜனவரியில்தான் அதே டிபாலை வென்று மூச்சு விட்டது. சேவியர் இரண்டாமிடம் என்றார்கள், இரண்டாமிடமே வந்தது. முதலிடம் என்று சொன்ன கிரெய்ட்டன், நடுவில் தொடர்ச்சியாக ஆறு ஆட்டம் தோற்று ஊரை அலற வைத்தாலும், நோயிலிருந்து எழுந்து வந்த ரயன் கால்க்பிரென்னரோடு மீண்டு மூன்றாமிடம் பிடித்தது. தேசியக் காலிறுதியில் சான் டியேகோ ஸ்டேட்டிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. புள்ளிவிவரக்காரர்களும் முன்கணிப்பை ஒதுக்குவதில்லை. ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் மார்ச் மாத வெற்றி வாய்ப்புகளைக் கணக்கிடும்போது, ஐந்து மாதப் பழைய முன்கணிப்பையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தே வைத்திருந்தது. சீசனில் எதேச்சையாக நடக்கும் வெற்றி தோல்விகளுக்கு அடியில் அணியின் உண்மையான திறமை எவ்வளவு என்பதை அது ஓரளவு காட்டும் என்பதே காரணம்.

மிகச் சரியாகப் பலித்த கணிப்பு எது தெரியுமா? கனெடிகட் நான்காமிடம் என்றார்கள். 13-7 என்று முடித்து நான்காமிடமே வந்தது. நாடளாவிய 25 அணிப் பட்டியலில் இடம்பெறாமல் தொடங்கி, முதல் 14 ஆட்டங்களையும் வென்று, ஜனவரியில் சரிந்து, பிறகு தேசியத் தொடரின் ஆறு ஆட்டங்களையும் பத்துப் புள்ளிக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்று, இறுதியில் சான் டியேகோ ஸ்டேட்டை 76-59 என்று தோற்கடித்து நாட்டின் சாம்பியன் ஆனதும் அதே கனெடிகட்தான். தங்கள் கூட்டிலிருந்தே அந்த ஆண்டின் சாம்பியன் வரும் என்று பயிற்சியாளர்களிடம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். யார் என்று கேட்டிருந்தால் அதிகம் பேர் கிரெய்ட்டன் என்றிருப்பார்கள்.

2009இல் வட கரோலினா வென்ற பிறகு 2025 வரை, சீசனுக்கு முன் முதலிடம் தரப்பட்ட ஆடவர் அணி ஒன்றுகூடப் பட்டம் வெல்லவில்லை. 2015இல் கென்டக்கி 38 ஆட்டம் தோற்காமல் வந்து அரையிறுதியில் விஸ்கான்சினிடம் விழுந்தது. அதே காலத்தில், முன்கணிப்பில் இரண்டாமிடத்தில் இருந்த அணிகள் 2012, 2013, 2021 என மூன்று தடவை வென்றிருக்கின்றன. ஆக, நல்ல அணிகளை அடையாளம் காண்பதில் வாக்காளர்கள் மோசமில்லை. ஒன்றாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் நடுவே இருப்பதாக நினைக்கும் இடைவெளியில்தான் அவர்களின் கற்பனை அதிகம்.

இப்போது அந்த வேலை முன்னைவிடக் கடினம். 2021 ஏப்ரலில், கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு சும்மா உட்கார வேண்டும் என்ற கட்டுப்பாட்டை முதல் தடவை மாறுபவர்களுக்குத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்கு விற்றுப் பணம் பார்க்கவும் அனுமதி வந்தது. அன்று முதல் ஒவ்வொரு கோடையிலும் பாதி அணி கலைந்து பாதி அணி புதிதாகச் சேர்வது சாதாரணம். சேர்ந்து பயிற்சி எடுத்தே பார்க்காத ஐந்து பேரை, தனித்தனி எண்களை வைத்து மதிப்பிடச் சொல்கிறார்கள். இந்தச் சூழலில் ஸ்மார்ட் தொடர்ந்து சில கோடைகளில் வேறு கல்லூரியிலிருந்து ஒருவரைக்கூட எடுக்காமல், இருப்பவர்களையே வளர்ப்பேன் என்று இருந்தது பிடிவாதம்தான். ஆனால் கணிப்பவர்களுக்கு அகப்படாத ஆதாயத்தை அங்கே தேடினார்.

கணிப்பு வெறும் பொழுதுபோக்கு என்றால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. அது வேலைகளை அசைக்கிறது. 2022 ஏப்ரலில், இரண்டு தேசியப் பட்டங்கள் வென்ற ஜே ரைட் யாரும் எதிர்பாராமல் வில்லனோவாவிலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய நாற்காலியில் முன்பு அவரிடம் உதவியாளராக இருந்த கைல் நெப்டியூன் உட்கார்ந்தார். முக்கிய ஆட்டக்காரர் ஜஸ்டின் மூர் குதிகால் தசைநாண் அறுந்து கிடந்தார்; பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட புதுமுகம் கேம் விட்மோரும் தொடக்க ஆட்டங்களில் இல்லை. இத்தனையும் அக்டோபரிலேயே தெரியும். ஆனாலும் நாட்டில் 16ஆம் இடம், பிக் ஈஸ்டில் மூன்றாமிடம் என்றே வாக்களித்தார்கள். அது ரைட்டின் பெயருக்கு விழுந்த வாக்கு. நெப்டியூன் அதற்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருந்தது. 17-17 என்று முடிந்தபோது, 2012க்குப் பிறகு முதல் தடவையாக வில்லனோவா தேசியத் தொடரில் இல்லை. 2025 மார்ச்சில் அவர் நீக்கப்பட்டார்.

அசோசியேட்டட் பிரஸ் வாக்காளர் ஒவ்வொருவரும் யாருக்கு எந்த இடம் கொடுத்தார் என்பது பொதுவில் கிடைக்கும். தவறினால் ரசிகர்கள் பெயர் சொல்லித் திட்டுவார்கள். பயிற்சியாளர் கணிப்பில் மொத்தப் புள்ளியும் முதலிட வாக்குகளின் எண்ணிக்கையும்தான் வெளியே வரும். எதிரிமேல் எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு, தன்மேல் யாரும் ஏற்றாதிருப்பதையே விரும்பும் பன்னிரண்டுக்கும் குறைவானவர்களின் இரகசிய வாக்கு அது. சீசன் முடிந்த பிறகாவது யார் யாருக்கு எங்கே போட்டார் என்று வெளியிட்டால், அடுத்த அக்டோபரில் கொஞ்சம் கூடுதலாக யோசிப்பார்கள்.

2023 அக்டோபரில் பிக் ஈஸ்ட் பயிற்சியாளர்கள் மார்க்வெட்டை முதலிடத்தில் வைத்தார்கள். கான்ஃபரன்ஸை 18-2 என்று வென்று, தேசியப் பட்டத்தையும் தக்க வைத்துக்கொண்டது கனெடிகட். அட்லாண்டிக் கோஸ்டில், லவ் விலகிப் போன வட கரோலினா 17-3 என்று முதலிடம் பிடித்தது. லவ்வோ அரிசோனா சேர்ந்து பேக்-12 கான்ஃபரன்ஸின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பிரிந்தது இருவருக்கும் நல்லதாயிற்று. மார்க்வெட் தேசியத் தொடரில் பதினாறு அணிகள் மிஞ்சிய கட்டம் வரை வந்து, டாலஸில் நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் 67-58 என்று தோற்றது. அந்த நார்த் கரோலினா ஸ்டேட், அட்லாண்டிக் கோஸ்டில் 9-11 என்று பத்தாமிடத்தில் முடித்துவிட்டு, ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்று, இறுதியில் வட கரோலினாவையே 84-76 என்று தோற்கடித்துக் கான்ஃபரன்ஸ் கோப்பையோடு உள்ளே வந்த அணி. 1983க்குப் பிறகு முதல் தடவையாக அது தேசிய அரையிறுதிக்குப் போனது. அடுத்த சீசனில் 12-19 என்று சறுக்கி, தான் வென்ற அந்தக் கோப்பைத் தொடருக்கே தகுதி பெறவில்லை. அதன் பயிற்சியாளர் கெவின் கீட்ஸை 2025 மார்ச்சில் வேலையை விட்டு எடுத்தார்கள்.